கயிற்றோடு வருகிறோம், ஒரு மணி நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள்களுக்கு முன் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில், விடுமுறை நாள்களில் ஏரிக்கரைக்கும் பூங்காவுக்கும் நாயை அழைத்து வருவதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று வேலூர் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய பேரனை ஒரு வளர்ப்பு நாய் துரத்தியதாகவும், அதன் உரிமையாளர் "ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சிரித்தபடி நின்றதாகவும் அவர் குறிப்பிட்டிருந்தார். நாய் வளர்ப்பவள் என்ற முறையில் அதைப் படித்து வெட்கப்பட்டேன். அதே சொற்களை நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். ஆயினும் அவர் கேட்கும் முழுத் தடை, என் கணவரையும் என்னையும் போன்ற பலருடைய வார இறுதியை வீட்டுக்குள் அடைத்துவிடும் என்பதால், எங்கள் தரப்பையும் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நாங்கள் இருவரும் காட்பாடியில் வசிக்கிறோம். அவர் பணி ஓய்வு பெற்றவர். நான் இன்னும் இரண்டு ஆண்டுகள் பள்ளிக்குச் செல்ல வேண்டியவள். எங்கள் இருவருக்கும் பொதுவாகக் கிடைப்பது சனியும் ஞாயிறுமே. வேலூர்ப் பக்கத்தில் அந்த இரண்டு நாள்களையும் வெளியில் கழிக்க ஏற்ற மாதங்களும் அதிகம் இல்லை. பங்குனி தொடங்கி ஆடி முடியும்வரை, பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் திருப்பித் தரும் பாறைக் குன்றுகளுக்கு நடுவே வாழ்கிறவர்கள் நாம். ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடியோடு மழை இறங்கிய பிறகுதான் அந்தக் குன்றுகளின் இடுக்குகளில் பசுமை தெரியத் தொடங்குகிறது. ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று தனிப் பருவமாகப் பிரித்து வைத்த நம் முன்னோர், தோலில் பட்ட காற்றைக் கொண்டே அந்த எல்லையை வகுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்த மாதங்களைத்தான் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருக்கிறோம்.

எங்கள் நாய் மணியும் இந்தப் பருவத்தில் வந்தவன்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலங்களைக் கடந்து வரும் அந்த ஆற்றைப் பெரும்பாலும் மணலாகவே பார்த்து வளர்ந்த நாங்கள், பாலத்தின் மீது கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தோம். நீரில்லா ஆறு என்று நம் ஊரைப் பழிக்கும் பழைய சொலவடை அந்த வாரம் பொய்யாயிற்று. வீடு திரும்பும் வழியில், சாலையோரச் சிறுபாலத்தின் கீழ் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டியை என் கணவர் தம் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். இரண்டு நாள் வைத்திருந்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றே அன்று பேசிக்கொண்டோம்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாங்கள் குடியாத்தத்தில் இருக்கும் என் மாமியார் வீட்டுக்குச் செல்வது வழக்கம். பெருமாளுக்குத் தளிகை போட்டு, வடையும் சர்க்கரைப் பொங்கலுமாக இலை விரியும் அந்த நாளில் மணிக்கும் தயிர்ச்சோறுதான். அந்த மாதம் முழுவதும் அவனும் எங்களைப் போலச் சைவமே. நாயை நடை தாண்டி உள்ளே விடக் கூடாது என்று முதல் ஆண்டு கண்டிப்பாகச் சொன்ன மாமியார், இப்போது எங்கள் கார்க் கதவு திறப்பதற்குள்ளாகவே "மணி வர்லியா?" என்று கேட்கிறார். நான் வந்தேனா என்று கேட்பது அதற்குப் பிறகுதான். மழை நன்றாகப் பெய்து மோர்தானா அணை நிரம்பி வழியும் ஆண்டுகளில், சாப்பாடு முடிந்ததும் எல்லோருமாகப் புறப்பட்டுப் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம்.

ஐப்பசி ஞாயிறுகளில் ஒன்று ஆம்பூருக்கு உரியது. என் கணவரோடு பள்ளியில் படித்த நண்பரின் குடும்பம் அங்கே இருக்கிறது. சீரகச் சம்பாவில் தம் போட்ட பிரியாணி, தால்சா, புளியும் எண்ணெயும் சுண்டிய கத்தரிக்காய் என்று அவர்கள் அளிக்கும் விருந்தைப் பற்றி எழுதினால் இக்கடிதம் வேறு பக்கத்துக்குப் போய்விடும். நான் சொல்ல வந்தது, அந்த வீட்டில் மணிக்கு என்ன இடம் என்பதுதான். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவி உளூச் செய்தவர்கள் மீதோ, தொழும் இடத்திலோ நாயின் எச்சில் படக் கூடாது என்பது அவர்களது ஒழுங்கு. அதை அவர்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாங்களும் சொல்ல வைத்ததில்லை. பின்கட்டு வேலிக்கருகில் மாமர நிழலில் மணியைக் கட்டி, நாங்கள் கொண்டு போன கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். நண்பரின் மருமகள் முற்றத்தின் அந்த முனையிலிருந்தே அவனோடு பேசுவார். அவனும் வாலாட்டிப் பதில் சொல்வான். பிரியாணியில் வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து நாயின் குடலைக் குத்தும், வெங்காயம் அதன் இரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பதால், விருந்து மிச்சத்தை யாரும் அவன் பக்கம் வீசுவதில்லை. நாங்கள் விளக்கியபோது முதலில் நம்பாதவர் அந்த நண்பர் மட்டும்தான். இப்போது மற்றவர்களுக்கு அவரே எடுத்துச் சொல்கிறார்.

தீபாவளி வார இறுதியை மட்டும் நாங்கள் விரும்பி எதிர்பார்ப்பதில்லை. காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என்று 2018 முதல் நம் மாநிலத்தில் பட்டாசுக்கு நேரம் வகுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் தெருவில் அது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை மணி கட்டிலுக்கடியில் கிடக்கும் மணிக்கணக்கைக் கொண்டே சொல்லிவிடலாம். நம் காதுக்கு எட்டாத ஒலியும் அதன் காதுக்கு எட்டும் என்னும்போது, வாசலில் வெடிக்கும் சரவெடி அதற்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பெங்களூரிலிருந்து வரும் மகளும் பேத்தியும் அந்த இரவில் அவனுக்குத் துணையாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுகிறார்கள். கார்த்திகைத் தீபத்தன்று நிலைமை வேறு. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கித் துணியில் பொதிந்து, பனமட்டைகளுக்கு இடையே கட்டிச் சுற்றும் மாவளியில் பொறி பறக்கும், ஓசை இல்லை. என் கணவர் மாடியில் நின்று அதைச் சுற்றும்போது, மணி எட்ட உட்கார்ந்து கடைசிப் பொறி அணையும்வரை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இப்படி உறவும் நட்பும் உள்ள வீடுகளுக்குப் போகாத வார இறுதிகள்தான் சிக்கலானவை. அமிர்தி உயிரியல் பூங்காவுக்கோ, ஜவ்வாது மலைக் காப்புக் காடுகளுக்கோ நாயை அழைத்துச் செல்லக் கூடாது. அது சரியான விதி என்பதே என் கருத்து. புள்ளிமானைக் கண்டால் மணி துரத்தாமல் இருப்பான் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். துரத்தாவிட்டாலும் நோய் பரவும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் பல இறந்தபோது கண்டறியப்பட்ட காரணங்களுள், நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் நச்சுயிரியும் ஒன்று. காவலூர் வானாய்வகத்தில் சனிக்கிழமை இரவு தொலைநோக்கி பார்க்கச் செல்லும் மருமகனோடு என் கணவர் மட்டும் போவார். நானும் மணியும் வீட்டில். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஒரு முறை முயன்று பார்த்தோம். நான்காவது வளைவிலேயே அவன் வாந்தி எடுத்துவிட்டதால் அந்த ஆசையை விட்டுவிட்டோம். எஞ்சுவன ஊருக்குள் இருக்கும் பூங்காவும் ஏரிக்கரையும்தான். அன்பர் மூடச் சொல்வது அந்தக் கடைசிக் கதவை.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை, கழுத்துப்பட்டையும் கயிறுமாக மணியை அழைத்துக்கொண்டு நகரின் நடைபாதை ஒன்றுக்குச் சென்றோம். பலகை எதுவும் இல்லை. வாயிலில் இருந்த காவலர் நாய்க்கு அனுமதி இல்லை என்றார். அவர் எங்களோடு பேசிக்கொண்டிருந்தபோதே, அவருக்குப் பின்னால் யாருக்கும் சொந்தமில்லாத நான்கு நாய்கள் புல்வெளியில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. கட்டிய நாய் வெளியேயும் கட்டாத நாய் உள்ளேயும் இருக்கும் அந்த ஏற்பாட்டை எண்ணி என் கணவர் வழியெல்லாம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தக் காவலரைக் குறை சொல்லவும் மனம் ஒப்பவில்லை. மணிக்கு ஒரு வயது இருக்கும்போது, ஆள் இல்லை என்று நினைத்து ஏரிக்கரையில் நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். திருப்பத்தில் வந்த சிறுமியை நோக்கி விளையாட்டாகத்தான் ஓடினான். அவள் பயந்து பின்வாங்கி விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டாள். "ஒண்ணும் பண்ணாது பாப்பா" என்று நான் சொன்னபோது அவளுடைய தாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. நாய் கடிக்குமா என்பதை அதை வளர்ப்பவர் அறிவார். எதிரே வருபவர் எப்படி அறிவார்? அன்றிலிருந்து வீட்டுக்கு வெளியே கயிறு என் கையை விட்டுப் போனதில்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான். நகரில் உள்ள ஒரு பூங்காவிலோ ஒரு ஏரிக்கரையிலோ, ஞாயிறுதோறும் காலை ஐந்தரை முதல் ஆறரை வரை, கயிற்றில் பிடித்த, தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாய்களுக்கு அனுமதி உண்டு என்று உள்ளாட்சி நிர்வாகம் வாயிலில் பலகை வைத்து அறிவிக்கட்டும். நாயை அஞ்சுவோருக்கும் அந்த நேரத்தைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். கயிறு ஐந்தடிக்கு மேல் நீளக் கூடாது. நாயின் கழிவைப் பையில் அள்ளி எடுத்துச் செல்ல வேண்டும். மீறினால் தண்டம் விதிக்கட்டும், மறுக்காமல் கட்டுகிறோம். மழை மாதங்களில் கழிவை அள்ளுவது அழகுக்காக மட்டுமல்ல. அதில் இருக்கும் குடற்புழு முட்டைகள் ஈர மண்ணில் பொரிந்து, அவற்றிலிருந்து வரும் இளம்புழுக்கள் அங்கே வெறுங்காலோடு விளையாடும் குழந்தைகளைப் பற்றக்கூடும்.

தடுப்பூசிச் சான்றைக் காட்டிய பிறகே உள்ளே விடலாம். இதில் எந்தச் சலுகையும் வேண்டாம். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அதன் பிறகு பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் உரிய நேரத்தில் ஊசி போட்டால் முற்றிலும் தவிர்க்கக்கூடிய நோய் அது. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஊக்க ஊசி, அதன்பின் மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் ஒன்று. லூயி பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஐ உலக வெறிநாய்க்கடி நோய் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அது நம் புரட்டாசியில் வருவதால், மணியின் ஊசிக்கும் அந்த வாரத்தையே குறித்து வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலை கால்நடை மருத்துவமனைக்குப் போய்விட்டு, அப்படியே குடியாத்தம் புறப்பட்டுவிடலாம். யாரையாவது நாய் கடித்தாலோ கீறினாலோ, அது வீட்டு நாயாகவே இருந்தாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் அதே அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் பழக்கம் எங்கள் தெருவிலேயே இன்னும் போகவில்லை.

கார்த்திகையின் கடைசி ஞாயிறு, விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் கடை ஞாயிறு விழா. மகப்பேறு வேண்டிச் சிம்ம தீர்த்தத்தில் நீராட வரும் பெண்களின் கூட்டத்துக்கு நடுவே நாய்க்கு இடமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அன்று நாங்கள் இருவரும் கோயிலுக்குப் போக, மணி பக்கத்து வீட்டில் இருப்பான். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்குள் ஏதேனும் ஒரு வாயிலில் அந்தப் பலகை வந்துவிட்டால், ஐந்தரை மணிக்குக் கயிறும் பையும் சான்றிதழுமாக அங்கே நிற்போம். கடிதம் எழுதிய அன்பர் விரும்பினால் தம் பேரனை ஆறரைக்குப் பிறகு அழைத்து வரலாம். நாங்கள் நின்ற இடம் சுத்தமாக இருக்கிறதா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
காட்பாடி