உன் கட்டுரைத் தொகுப்புக்கு ஒரு கோப்பு

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. தாத்தா ஆகிவிட்டாயா! குழந்தையும் தாயும் நலம் என்று படித்ததும்தான் மற்ற வரிகளுக்கே போனேன். இங்கே எல்லோரும் சுகம். முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

சரி, உன் மின்னூல் விஷயத்துக்கு வருகிறேன். பத்தாவது கட்டுரை இரண்டாவதுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது, எல்லாக் கோப்புகளுக்கும் பெயர் மாற்றட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். கோப்புப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும் மென்பொருளுக்கு 10 முன்னாலும் 2 பின்னாலும்தான் வரும். ஆனால் உன் மின்னூலின் வடிவமான இபப்பில் வாசிப்பு வரிசையைக் கோப்புப் பெயர் தீர்மானிப்பதில்லை. அதற்கென்றே உள்ளே ஓபிஎஃப் என்று ஒரு கோப்பு இருக்கிறது.

இபப் என்பது வேறொன்றுமில்லை, பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். அதைப் பிரித்தால் மெட்டா-இன்ஃப் என்ற கோப்புறையில் கன்டெய்னர் என்ற சின்னக் கோப்பு இருக்கும். ஓபிஎஃப் எங்கே இருக்கிறது என்று வாசிப்புக் கருவிக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அதை நீ தொட வேண்டியதில்லை.

ஓபிஎஃப்பில் முக்கியமானவை மூன்று பகுதிகள். முதலில் மெட்டாடேட்டா: தலைப்பு, மொழி, நூலுக்கான அடையாள எண், கடைசியாகத் திருத்திய தேதி. புத்தகங்களுக்குத் தரும் ஐஎஸ்பிஎன் எண் இல்லையென்றால், கணினியே உருவாக்கித் தரும் யூயூஐடி என்ற தனித்துவ எண் ஒன்றைப் போடு. பிறகு பிழை திருத்தி வெளியிட்டாலும் அந்த எண் மாறக்கூடாது, தேதி மட்டும் மாறட்டும். மொழி இடத்தில் பல கருவிகள் ஆங்கிலத்தைத் தாமாகவே போட்டுவிடும். அதைத் தமிழுக்குரிய டி, ஏ என்ற இரண்டெழுத்துக் குறியாக மாற்று. உரக்கப் படித்துக் காட்டும் வசதி எந்தக் குரலை எடுப்பது என்பதற்கு இதைப் பார்க்கலாம்.

அடுத்தது மேனிஃபெஸ்ட். நூலுக்குள் இருக்கும் கட்டுரைகள், அட்டைப்படம், எழுத்துரு, பக்கத் தோற்றத்தைச் சொல்லும் நடைத்தாள் எல்லாம் இங்கே பதிவாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளப் பெயர், இருக்கும் இடம், கோப்பின் வகை. பட்டியலில் எது முன், எது பின் என்பதெல்லாம் கணக்கில்லை. ஆனால் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் உன் கணினியில் தெரிகிற படம் வாசிப்புக் கருவியில் காணாமல் போகலாம்.

வரிசை இருப்பது மூன்றாவதான ஸ்பைனில். மேனிஃபெஸ்டில் கொடுத்த அடையாளப் பெயர்களை வாசகர் படிக்க வேண்டிய வரிசையில் வரிக்கு ஒன்றாக எழுதினால் போதும். மனம் மாறினால் அந்த வரியை மேலோ கீழோ நகர்த்து. அடிக்குறிப்புப் பக்கங்களுக்கு லீனியர் என்ற பண்பில் 'நோ' என்று போட்டால், பல கருவிகள் அவற்றை வழக்கமான ஓட்டத்தில் காட்டாமல், சுட்டியைத் தொட்டால் மட்டும் திறக்கும். பொருளடக்கம் தனிக் கோப்பு. ஸ்பைனை மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்று.

எனக்கு இந்த ஸ்பைன் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அங்கே முடிவு எடுப்பது மென்பொருள் அல்ல, நீ. எழுதிய தேதி வரிசையில்தான் அடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? உன் ஆரம்பக் கட்டுரைகளில் கொஞ்சம் உபதேச வாடை உண்டு, கோபித்துக்கொள்ளாதே. அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி எழுதினாயே, அதை முதலில் வை. அதைப் படித்தவர் மீதியையும் படிப்பார். அரசியல் கட்டுரைகளை நடுவில் சேர்த்து வை. அந்த முன்னுரையை எடுத்தே விடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, அப்புறம் உன் இஷ்டம்.

கையால் எழுதத் தயக்கமாக இருந்தால் சிகில் என்ற இலவச மென்பொருளில் திற. அங்கே கோப்புகளை இழுத்து நகர்த்தினாலே ஸ்பைன் மாறிவிடும். முடித்ததும் இபப்செக் என்ற பிழை பார்க்கும் மென்பொருளில் ஒருமுறை சோதித்துவிடு. மேனிஃபெஸ்டில் விட்டுப்போன கோப்பு, உடைந்த சுட்டி எல்லாவற்றையும் அது கோப்புப் பெயரோடு சொல்லிவிடும்.

சோதித்த பிறகு எனக்கு ஒரு பிரதி அனுப்பு. என் கருவி இபப் 2 என்ற பழைய பதிப்பின் காலத்தது, பொருளடக்கத்துக்கு அந்தப் பதிப்பின் என்சிஎக்ஸ் கோப்பைத்தான் தேடும். அதையும் மறக்காமல் சேர்த்துவிடு. குழந்தைக்குப் பெயர் வைத்தாகிவிட்டதா?

அன்புடன்,
உன் பழைய நண்பன்