கோலார் தங்கவயல் தமிழரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளைப் பற்றி உங்கள் பத்திரிகை அடிக்கடி எழுதுகிறது, நல்ல விஷயம். அந்தத் தோட்டங்களுக்குத் தமிழர் போன அதே காலத்தில், வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன தமிழரைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட நான் கண்டதில்லை.

1880 இல் ஜோன் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பனி கையில் எடுத்த தங்கச் சுரங்கங்கள் அவை. 1902 இலேயே காவிரியின் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது, ஆனால் அது சுரங்க இயந்திரங்களுக்குத்தான் முதலில். அங்கிருந்த சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீற்றருக்கு மேல் ஆழம். அந்த வெக்கையில் பாறை திடீரென்று வெடித்துச் சரியும், தப்பினவர்களின் நெஞ்சில் கல்தூசி படிந்து இருமியே சாவார்கள். 1930 இல் கைரேகை பதியச் சொன்னபோது வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்கள்தான்.

போன வருடம் பெங்களூருக்குப் போனபோது பங்காருப்பேட்டையில் ரயில் மாறி, தங்கவயலில் உள்ள மாரிக்குப்பத்தில் இறங்கினேன். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைட் மண்மேடுகள் மலைபோல நிற்கின்றன. ஒரு வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர் கதிரையைத் துடைத்து இருக்கச் சொன்னார், கையை எடுத்தால் துணி முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. 2001 இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், தூசி இன்னும் வீட்டுக்குள் வருகிறது.

அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே யாரையாவது அனுப்பி, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்