தலைவாசல் கதவு பற்றிக் கட்டடக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பங்குத்தந்தை அவர்களுக்கும் கட்டடக் குழுவில் உள்ள அண்ணன்மார்களுக்கும், இயேசுவுக்கே புகழ்!

நம் புதுக் கோயிலின் தலைவாசலுக்கு ரெடிமேட் கண்ணாடிக் கதவு வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கோவை கணபதியில் முப்பது வருடம் பவுண்டரியில் மோல்டராக, அதாவது உருக்கிய உலோகத்தை ஊற்ற மணலில் அச்சு எடுக்கிறவனாக, இருந்தவன். பம்புசெட்டின் தண்டு சுழல்கிற கன்மெட்டல் புஷ் வளையங்களை வார்த்த கை இது. கன்மெட்டலும் வெண்கலத்துக்குப் பங்காளிதான்: செம்பு, வெள்ளீயம், கூடக் கொஞ்சம் துத்தநாகம்.

வத்திக்கான் பேதுரு பேராலயத்தில் 'மரண வாயில்' என்றொரு வெண்கலக் கதவு இருக்கிறது. ஜாகோமோ மன்சூ என்ற சிற்பி செய்தது, 1964-இல் வைத்தார்கள். மேலே ஆண்டவரின் மரணமும் மாதாவின் மரணமும். கீழே சாதாரண மனிதரின் சாவுகள். ஒரு பலகையில் நாற்காலியில் சரிந்து உயிர்விடுகிறாள் ஒரு தாய், பக்கத்தில் குழந்தை பார்த்துக்கொண்டு நிற்கிறது. படத்தில் பார்த்ததற்கே எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நம் கோயிலிலும் பொண்ணு மாப்பிள்ளை நுழைகிற அதே வாசல் வழியாகத்தானே சவப்பெட்டியும் வெளியே போகிறது?

கண்ணாடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் முனிக் நகரில் 2000-இல் கட்டிய இயேசுவின் திருஇருதய ஆலயத்துக்கு முகப்பே கதவுதான். சுமார் 14 மீட்டர் உயர நீலக் கண்ணாடி. யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றை ஆணிகளையே எழுத்தாக்கி அதில் பதித்திருக்கிறார்கள். பெருவிழா நாளில் மொத்த முகப்பும் திறக்கும். நீங்கள் பார்த்த கதவில் அப்படி ஏதாவது இருக்கிறதா? அதுவும் நம் வாசல் மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் பீடம் வரை அடிக்கும்.

"நானே வாயில்" என்று சொன்னவருக்குச் செய்கிற கதவு, சாமி. முழுக் கதவும் வெண்கலம் என்றால் நமக்குக் கட்டாது. தேக்கில் கதவு செய்து, அதில் எட்டுச் சின்ன வெண்கலப் பலகைகள் பதிக்கலாம். நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வண்ணக் கண்ணாடி. பலகைகளில் நற்செய்திக் காட்சிகள் வரட்டும். இயேசுவிடம் கிணற்றடியில் பேசிய சமாரியப் பெண், மாடு கட்டி நீர் இறைக்கிற நம்மூர்க் கவலைக் கிணற்று மேட்டில் நிற்கட்டும். இயேசு சொன்ன உவமையின் விதைப்பவர் சோளக்காட்டில் நடக்கட்டும். அடிப்பலகை குழந்தைகளின் கைக்கு எட்டணும். வெண்கலம் தொடத் தொட மினுங்கும். உரோமையில் பேதுரு சிலையின் பாதம் மக்கள் தொட்டுத் தொட்டே தேய்ந்திருக்கிறது.

நுணுக்கமான உருவங்களுக்குச் சுவாமிமலை மெழுகு வார்ப்புக்காரர்கள் இருக்கிறார்கள். மற்றதை நம்மூர்ப் பட்டறையிலேயே வார்த்துவிடலாம். வரும் ஞாயிறு பூசை முடிந்து ஒரு அரைமணி நேரம் கொடுங்கள். கிணற்றுப் பலகைக்கு, அச்சு எடுக்கிற மாதிரி உருவான பேட்டர்னை மரத்தில் செய்து எடுத்து வருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
நம் பங்கைச் சேர்ந்த ஒரு பழைய மோல்டர்