முகம் சுளிப்பவர்களில் ஒருவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் புதிய மடிக்கணினிகள் பற்றிய கட்டுரையை வாசித்தேன். கடைசிப் பந்தியில் ஒரு வரி: "ஆண்டுதோறும் வரும் சிறு முன்னேற்றங்களைக் கண்டு முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்களுக்கு, தொழில்நுட்பம் படிப்படியாகத்தான் வளரும் என்பது புரிவதில்லை." வீட்டுக்குப் போக நாள்தோறும் நூற்றுப் பன்னிரண்டு படி ஏறுகிறவன் நான். படிப்படியாக என்றால் என்னவென்று எனக்குச் சொல்லிக்கொடுத்த கட்டுரையாளருக்கு நன்றி.

ஹட்டனில் தட்டச்சும் நிழற்பிரதியும் செய்யும் சிறு கடை வைத்திருக்கிறேன். 2017 டிசம்பரில் கண்டியில் ஒரு கடைக்கு மடிக்கணினி வாங்கப் போனேன். கணினியின் மூளையான செயலியில், இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறை அந்த ஓகஸ்டில்தான் வந்திருந்தது. "ஏழுக்கும் எட்டுக்கும் பெயரில்தான் வித்தியாசம் ஐயா, வீணாகப் பதினெட்டாயிரம் கூடக் கொடுக்காதீர்கள்" என்றார் கடைக்காரர். என் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்து ஏழையே வாங்கிவந்தேன். நான் வாங்கிய ஐ5 வகையில் ஏழில் இரண்டு கோர், எட்டில் நான்கு கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஆறுக்கும் ஏழுக்கும் இடையில்தான் உண்மையில் பெயரளவு வித்தியாசம். இரண்டுமே அதே 14 நானோமீற்றர் தயாரிப்பு முறையில் செய்த சரக்கு. ஏழு வந்த ஆண்டு மட்டும் "புதிய தலைமுறை" என்று கடைவாசலெங்கும் பதாகை தொங்கியது. விற்க வேண்டியது பழையதானால் வித்தியாசம் சிறியது, புதியதானால் பெரியது. இந்தக் கணக்கு உங்கள் கட்டுரையாளருக்குத் தெரியாதிருக்க முடியாது.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் இன்டெல் பட்டியல், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. கடைக்காரர் "பெயரில்தான் வித்தியாசம்" என்று சொன்ன கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். என் கணினி இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது. 2019 இல் நானே திருகாணிகளைக் கழற்றி நினைவகத்தை எட்டு கிகாபைட்டாக்கினேன். 2022 இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நாட்களில் பற்றரி கைவிட்டபோது, அடியிலுள்ள இரண்டு கொளுவிகளைத் தள்ளிப் புதியதை மாட்டினேன். இன்று கடையில் காட்டும் மெல்லிய கணினிகளில் நினைவகத்தைப் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். வாங்கும் நாளில் எட்டு என்றால் சாகும் நாளிலும் எட்டு. இதுவும் முன்னேற்றம்தானாம்.

முகம் சுளிப்பதால் பயனில்லை என்றும் சொல்ல முடியாது. அப்பிள் நிறுவனம் 2016 இல் மேக்புக் ப்ரோவிலிருந்து பிடுங்கிய, வெளித்திரையை இணைக்கும் எச்.டி.எம்.ஐ. துளையையும் கமரா அட்டையைச் செருகும் எஸ்.டி. துளையையும் 2021 இல் திருப்பி வைத்தது. 2024 ஒக்டோபரில் மேக்புக் எயாரின் அடிப்படை நினைவகத்தை எட்டிலிருந்து பதினாறாக்கியது, விலையைக் கூட்டாமலே. புரியாதவர்கள் ஆண்டுக்கணக்கில் முணுமுணுத்த பிறகு நடந்தவை இவை.

விசைப்பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மைக்ரோசொஃப்ட் கோபைலட் என்ற தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கென்று தனி விசையொன்றை அறிவித்தது. உங்கள் பத்திரிகை அதற்கு அரைப்பக்கம் ஒதுக்கியது. அந்த விசையை எங்கள் ஊரில் எவர் கேட்டார் என்று தெரியவில்லை. எனக்குத் தமிழெழுத்துப் பொறித்த மடிக்கணினியை இந்தப் பக்கத்துக் கடைகளில் இன்றுவரை எவரும் காட்டியதில்லை. ஒட்டிய ஸ்டிக்கரில் 'க' தேய்ந்து எட்டு மாதமாகிறது. வேலைக்கு வந்திருக்கும் பிள்ளை இடத்தை நினைவில் வைத்துத் தட்டுகிறாள்.

சென்ற செவ்வாயன்று ஓர் அம்மா சேமலாப நிதிப் படிவம் நிரப்ப வந்தார். முப்பத்தொரு வருடம் கொழுந்தெடுத்தவர். கையெழுத்திட்டு முடித்ததும் இடுப்பிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். உங்கள் ஞாயிறு இதழின் அதே பக்கம். மகன் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறான். வரப்போகும் பணத்தில் அவனுக்கு ஒரு கணினி. கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலைப் படத்தின்மேல் வைத்து, இந்த வருடத்தையது வேண்டுமா, போன வருடத்தையது போதுமா தம்பி என்று கேட்டார். கட்டுரையை மேலிருந்து கீழாக இரண்டு முறை வாசித்தேன். கனம் எத்தனை கிராம் குறைந்தது, திரை எவ்வளவு ஒளிர்கிறது, எல்லாம் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை. விலைகூட டொலரில்தான். 2022 இல் இரண்டு மாதத்துக்குள் டொலர் இருநூறிலிருந்து முந்நூறைத் தாண்டியதைப் பார்த்த நாட்டில், டொலரில் விலை போட்டால் அந்த அம்மா எதை வைத்துக் கணக்குப் பார்ப்பார்?

2020 இல், பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்காக அலைவரிசை தேடித் தேயிலை மலையுச்சிக்கு ஏறுவதைப் பற்றி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை நான்கு வரியாக வெட்டி, "மலையகச் செய்தித் துளிகள்" என்ற தலைப்பின் கீழ் போட்டீர்கள். ஞாயிறு இதழ் இங்கு பத்து மணி பஸ்ஸில்தான் வந்து சேர்கிறது என்று ஏழு வருடமாக முகவரிடம் சொல்லிவருகிறேன். அதை இப்போது விட்டுவிடுகிறேன்.

கேட்பது சிறிய விடயம். புதிய மாதிரியைப் பற்றி எழுதும்போது மூன்று வரி சேருங்கள்: நினைவகத்தையும் பற்றரியையும் பிறகு மாற்ற முடியுமா, போன வருட மாதிரியிலிருந்து உள்ளே உண்மையில் என்ன மாறியது, ரூபாவில் என்ன விலை. இடமில்லையென்றால் படத்தைச் சிறிதாக்கலாம்.

இந்தக் கடிதத்தையும் சுருக்கத்தான் போகிறீர்கள் என்றால் என் கணினியின் கதையை வெட்டுங்கள். அந்த அம்மாவின் பந்தியில் கை வைக்காதீர்கள். அவர் வெள்ளிக்கிழமை மறுபடி வருவார்.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகர் ஒருவர்