கண்ணாடி ஆற ஓர் இரவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பரிசளிப்பு விழாக்களுக்கான நினைவுச் சின்னங்களை நம்மூர்க் கண்ணாடிப் பட்டறையில் செய்விக்கும் பாடசாலைகளும் சங்கங்களும், அந்த வேலைக்குத் தேவையான நாள்களைக் கொடுத்தே ஓடர் கொடுக்க வேண்டும் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு நாங்கள் நாள் கொடுக்காமல் அவசரப்படுத்தினோம். அதில் என் பங்கு பெரிது.

மாங்குளத்துக்கு அண்மையில் ஒரு குடும்பம் வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறையில் கண்ணாடி அலங்காரப் பொருள்களைச் செய்து வருகிறது. ஆய்வுகூடங்களுக்கான கண்ணாடிக் கருவிகள் செய்யும் தொழிலைக் கொழும்பில் பழகிய தகப்பனார் சுடரில் வேலை செய்கிறார். தாயார் கணக்கையும் பொதி கட்டுவதையும் பார்க்கிறார். மகள் இப்போது பறவைகளைத் தனியாகவே உருவாக்குகிறார். காஸும் ஒட்சிசனும் சேர்ந்து எரியும் சுடரில் கண்ணாடிக் கோலைப் பிடித்து, விரல்களால் ஓயாமல் உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு கணம் நிறுத்தினாலும் இளகிய பகுதி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். சூட்டில் எழும் மஞ்சள் ஒளி கண்ணை மறைப்பதால், அதை வடிகட்டும் ஊதா நிறக் கண்ணாடி அணிந்துதான் வேலை செய்ய முடியும். அவர்கள் பயன்படுத்தும், வெப்பத்தைத் தாங்கும் போரோசிலிக்கேற்று வகைக் கண்ணாடி நன்றாக இளகுவதற்கு ஏறத்தாழ 820 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும்.

உருவம் முடிந்ததும் வேலை முடிந்தது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். உண்மையில், செய்த பொருளை மின் போறணையில் ஏறத்தாழ 560 பாகையில் சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர் மெல்ல மெல்ல வெப்பத்தைக் குறைத்து, விடியும்வரை ஆறவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் வெளிப்புறம் முதலில் இறுகிவிட, உள்ளே பிறகு இறுகும் பகுதி அதை இழுக்கும். அந்த இழுவிசை கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. மகள், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இரண்டு முனைவாக்கித் தாள்களுக்கு நடுவே ஒரு பொருளை வைத்து வெளிச்சத்தில் காட்டியபோதுதான், சரியாக ஆறாத இடத்தில் வானவில் போன்ற நிறப்பட்டைகள் தோன்றுவதைக் கண்டேன்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் கேட்டது இருபத்து நான்கு நாரைகள். தடித்த பீடத்தின்மேல் ஒற்றைக் காலில் நிற்கும் நாரை. தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் சந்திக்கும் இடமே மிக மெதுவாக ஆற வேண்டிய இடம். நாங்களோ விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் போய்ச் சொன்னோம். கடைசி ஆறு நாரைகள் இன்னும் போறணையில் இருந்த அதிகாலையில், வான் வாசலில் நிற்கிறது என்று சொல்லித் திறக்கவைத்தவன் நான். "இன்னும் சுடுகுது ஐயா, மத்தியானம் வந்து எடுங்கோ" என்று அந்தப் பிள்ளை இரண்டு முறை சொன்னார். விழா மேசையில், விரித்திருந்த துணியின்மேல், ஒருவரும் தொடாமலே "டிக்" என்ற சத்தத்துடன் ஒரு நாரையின் கால் பீடத்திலிருந்து விட்டுப் போயிற்று. ஒரு மணி நேரத்துக்குள் இன்னும் மூன்று உடைந்தன. நான்கு பிள்ளைகள் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார்கள். அதற்குமேல், "தரமில்லாத வேலை" என்று கூறி அந்த நான்குக்குமான பணத்தை எங்கள் குழு கொடுக்க மறுத்தது. அந்தக் கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை என்பதே இன்றுவரை என்னை உறுத்துகிறது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் இறக்குமதிப் பொருள்களோடு இவற்றை ஒப்பிட்டுப் பேரம் பேசுவது வழமையாகிவிட்டது. அச்சில் அழுத்திச் செய்த பொருளைக் கையில் எடுத்து விரலால் தடவினால் அச்சின் பொருத்துக் கோடு பெரும்பாலும் தட்டுப்படும். கையால் செய்ததில் அந்தக் கோடு இராது, ஒரு நாரை மற்றதைப் போலவும் இராது. தொழிற்சாலைகளும் கண்ணாடியை நீண்ட சூளைக்குள் மெல்ல நகர்த்தி ஆறவிட்டே வெளியே எடுக்கின்றன. இயந்திரத்துக்கே கொடுக்கும் அவகாசத்தை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க நாம் ஏன் மறுக்கிறோம்?

இந்த மண்ணுக்குக் கண்ணாடி வேலை புதியதன்று. திருக்கேதீச்சரத்தை அடுத்த பண்டைத் துறைமுகமான மாந்தையில் 1980 முதல் 1984 வரை, போர்ச் சூழலால் தடைப்படும்வரை, நடந்த அகழாய்வில் கண்ணாடி மணிகள் கிடைத்தன. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, சிறு துண்டுகளாக வெட்டி, மறுபடியும் சூடாக்கி விளிம்பை மழுங்கச் செய்யும் முறையில் உருவான மணிகள் அவற்றில் உண்டு. இன்று வன்னியில் இந்தக் கைவேலையைத் தெரிந்த ஒரு வீட்டை நாம் அவசரத்தாலும் பேரத்தாலும் களைப்படையச் செய்யக் கூடாது.

ஆகவே விழாக் குழுக்கள் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னர் ஓடரையும், சிலிண்டர்களுக்கும் கண்ணாடிக் கோல்களுக்கும் போதுமான முற்பணத்தையும் கொடுக்கும்படி வேண்டுகிறேன். திட்டமிட்ட மின்வெட்டுகளைச் சில நாள்களுக்கு முன்பே அறிவிக்கும்படி மின்சாரத்துக்குப் பொறுப்பானவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். இரவில் மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றால் போறணையில் உள்ள அவ்வளவும் வீணாகலாம். எங்கள் சங்கம் இம்முறை ஆறு வாரங்களுக்கு முன்பே பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டது. சென்ற ஆண்டு நாரை கிடைக்காமல் இறங்கிய நான்கு பிள்ளைகளுக்கான நாரைகளும் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
பழைய மாணவர் சங்க உறுப்பினர் ஒருவர்,
மாங்குளம்.