வாசலில் நின்று கூப்பிடாதே

அன்புள்ள கயல்,

மூன்று மாதத்துக்கு முன்னால் நீ போனில் "மணி எப்படி இருக்கான்பா?" என்று கேட்டபோது, "வயசாயிடுச்சும்மா, படுத்துக்கிட்டே இருக்கான்" என்று சொன்னேன். அதற்கு முந்தின மாதமும் அதையேதான் சொன்னேன். அது தப்பு. மணிக்கு 11 வயது ஆகிறது, ஒரு லேப்ரடார் நாய்க்கு அது வயசுதான் என்பது உண்மை. ஆனால் அவன் எழுந்திருக்காமல் கிடந்தது வலியால். இரண்டு இடுப்பு மூட்டிலும் இடது முழங்காலிலும் மூட்டுவாதம். எக்ஸ்ரே எடுத்து, வைத்தியம் ஆரம்பித்துப் பத்து வாரம் ஆகிறது. இப்போது தேவலை. முதலிலேயே சொல்லியிருந்தால் அங்கே உட்கார்ந்துகொண்டு நீ தூங்காமல் கிடப்பாய் என்று அம்மாதான் தடுத்தாள். அடுத்த மாதம் நீ வரப்போகிறாய், அதற்குள் எல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாய்க்கு வலித்தால் கத்தும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதவிடுக்கில் கால் மாட்டினால் கத்தும். மாதக்கணக்காக உள்ளே அரிக்கிற வலிக்குக் கத்தாது. தான் செய்கிற காரியங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். முதலில் சோபாவில் ஏறுவதை நிறுத்தினான். ஒழுங்காகிவிட்டான் என்று அம்மா சந்தோஷப்பட்டாள். அப்புறம் மாடிப்படி. அப்புறம் நான் வெளியே போய்விட்டு வந்தால் வாசலுக்கு வராமல் படுத்த இடத்திலிருந்தே வாலை மட்டும் ஆட்ட ஆரம்பித்தான். இடது முழங்காலை நக்கி நக்கி அந்த இடத்து முடி செம்பட்டையாகிவிட்டது. பூச்சி கடி என்று நினைத்து மருந்து தடவிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் அவன் எழுந்திருப்பதை உட்கார்ந்து கவனித்தேன். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி உடம்பைத் தூக்கினான். பின்பாதி வரவில்லை. அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான். பிறகு மூச்சை இழுத்து ஒரே உந்தாக உந்தி எழுந்தான். நாலைந்து அடி மரக்கட்டை மாதிரி நடந்தான், அப்புறம் நடை சரியாகிவிட்டது. எழுந்தவுடன் இறுக்கம், நடக்க நடக்க இளக்கம். என் முழங்காலும் தினமும் காலையில் இதைத்தான் செய்கிறது. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

எலும்பு முனைகளை வழவழப்பாக மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டுத் திரவம் நீர்த்து, சுற்றிலும் வீங்கி, ஓரங்களில் முள் மாதிரி எலும்பு முளைத்திருக்கிறது. தேய்ந்தது திரும்ப வராது, வலியைக் குறைக்கலாம், தேய்வதை மெதுவாக்கலாம் என்று டாக்டர் சொன்னார். குட்டியில் இவன் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி தாவித் தாவி ஓடுவானே, நினைவிருக்கிறதா? நாம் சிரிப்போம். இடுப்புக் கிண்ணத்தில் எலும்பு சரியாகப் பொருந்தாத நாய்கள் அப்படி ஓடுவது உண்டாம். லேப்ரடார்களுக்கு அது அதிகம். வயசானதால் வந்ததில்லை, குட்டியிலிருந்தே கூட வந்திருக்கிறது.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். தராசில் ஏற்றியபோது 38 கிலோ. நீ போகும்போது 32. சாப்பிடும்போது என் காலடியில் உட்கார்ந்து பார்ப்பான், நானும் கொடுப்பேன். "கொடுக்காதீங்கப்பா" என்று நீ கத்தியதெல்லாம் சரிதான். மருந்தைவிடப் பெரிய வைத்தியம் எடைக் குறைப்பு என்றார் டாக்டர். இருக்கிற எடையில் நூற்றுக்கு ஆறேழு பங்கு குறைந்தாலே நொண்டுவது குறையுமாம். ஒரே ஈற்றில் பிறந்த லேப்ரடார் குட்டிகளை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகப் போட்டு ஆயுசு முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு உண்டு. குறைவாகத் தின்றவை ஏறத்தாழ 2 வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவாதத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் பிந்தித்தான். அதைக் கேட்ட பிறகு தட்டிலிருந்து ஒரு வாய் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. இப்போது சாப்பாடு டம்ளர் கணக்கு இல்லை, தராசில் நிறுத்துதான். நடுவில் கேட்டால் ஒரு கேரட் துண்டு. முதல் வாரம் என்னைத் துரோகி மாதிரி பார்த்தான். நேற்று 34.5 கிலோ. விலா எலும்பைத் தடவினால் விரலுக்குத் தட்டுகிறது, அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

மருந்து விஷயத்தில் ஒரு பெரிய தப்பு செய்ய இருந்தேன். டாக்டரிடம் போவதற்கு முந்தின ராத்திரி, என் முழங்கால் மாத்திரையில் பாதியை உடைத்து அவனுக்குக் கொடுக்கலாம் என்று கையில் எடுத்துவிட்டேன். அம்மா பிடுங்கி வைத்தாள். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற நம் மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், கிட்னியைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. அவனுக்கு இப்போது நாய்களுக்கென்றே உள்ள கார்ப்ரோஃபென் என்கிற வலி மாத்திரை, சாப்பாட்டோடு. ஆரம்பிக்கும் முன் ஈரலுக்கும் கிட்னிக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள், இடையிடையே திரும்பச் செய்வார்கள். வாந்தி எடுத்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறார். நீ வந்து ஒருநாள் அவனைப் பார்த்துக்கொள்வதானால் இதை மட்டும் மறக்காதே. மாதம் ஒரு ஊசி போடுகிற முறையும் வந்திருக்கிறது, இது போதாமல் போனால் பார்க்கலாம் என்றார். மீன் எண்ணெய் கொடுக்கிறோம், அதற்குக் கொஞ்சம் பலன் உண்டு. வயசான நாய்க்கென்று நீ அனுப்பிய குளுக்கோசமின் என்கிற மூட்டுச் சத்து டப்பாவும் தீரட்டும், கெடுதல் இல்லை. ஆனால் இன்னொன்று வாங்காதே, அதில் பெரிதாகப் பலன் இருப்பதாகத் தெரியவில்லை.

வீட்டைப் பார்த்தால் சிரிப்பாய். அம்மா ஆசைப்பட்டுப் போட்ட பளபள டைல்ஸ்தான் அவனுக்கு எமன். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனவன் பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து விழுந்துவிட்டான். எழவும் முடியவில்லை, கூப்பிடவும் இல்லை. அம்மா தற்செயலாக எழுந்ததால் தெரிந்தது. மறுநாளே அடியில் ரப்பர் வைத்த பாய்களை அவன் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை போட்டேன். ஒரு பாய் குறைந்துபோய் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி. மணி அந்தப் பாயின் விளிம்பு வரை வந்து, வெறும் தரையைப் பார்த்தபடி நின்றான். வெள்ளம் போகிற ஆற்றின் கரையில் நிற்கிறவன் மாதிரி. காலை நீட்டுவான், இழுத்துக்கொள்வான். அந்த ஒன்றரை அடியைப் பார்த்த பிறகுதான் இத்தனை நாள் இந்த வீடு முழுக்க அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது.

நகத்தை அடிக்கடி வெட்டுகிறோம், விரலுக்கு நடுவில் வளரும் முடியையும். நகம் நீண்டால் பாதம் தரையில் பதியாது, வழுக்கும். காரில் ஏற ஒரு சாய்வுப் பலகை. படுக்கை கெட்டி மெத்தை, எலும்பு தரையில் இடிக்காத அளவுக்கு. படியேறும்போது பெரிய துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து நான் தூக்கிப் பிடிக்கிறேன், பாதி பாரம் என் கையில் வந்துவிடுகிறது. குளிர் நாட்களில் வெதுவெதுப்பான ஒத்தடம் பத்து நிமிடம். சூடு சரியா என்று என் முழங்கையில் வைத்துப் பார்த்த பிறகுதான்.

நடை நிற்கவே கூடாது. நடக்காவிட்டால் தொடைச் சதை வற்றும், சதை வற்றினால் மூட்டுக்கு இன்னும் பாரம். தினமும் மூன்று தடவை, பத்துப் பதினைந்து நிமிடம், சங்கிலி போட்டு, சமதரையில். வாரம் முழுக்கப் படுக்கப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஓட விட்டால் மறுநாள் எழுந்திருக்க மாட்டான். பந்து வீசுவது அடியோடு நின்றது. துரத்தி, சறுக்கி, திரும்புகிற அந்த ஆட்டம்தான் மூட்டைப் பிய்க்கும். உன் சிவப்புப் பந்தை அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். பதிலாக வழியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மோந்து பார்க்க விடுகிறேன். ஒரு கம்பத்துக்கு ஐந்து நிமிடம். எனக்கும் முழங்காலுக்கு ஓய்வு.

காலண்டரில் தினமும் ஒரு குறி போடுகிறேன். நன்றாக நடந்த நாளுக்கு வட்டம், சிரமப்பட்ட நாளுக்குப் பெருக்கல். முதல் மாதம் முழுக்கப் பெருக்கல். இந்த மாதம் இதுவரை நாலே நாலு. என்றைக்காவது வட்டங்கள் குறைந்துகொண்டே போனால் மறைக்க மாட்டேன், உன்னிடம்தான் முதலில் சொல்வேன். அன்றைக்கு என்ன செய்வது என்பதை நீயும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். அது இப்போது இல்லை.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். வருகிற அன்று எப்போதும் போல கேட்டைத் திறந்ததும் "மணீ" என்று கூப்பிடாதே. உன் குரல் கேட்டால் வலியெல்லாம் மறந்து பாய்ந்து வருவான், பாய் எங்கே தரை எங்கே என்று பார்க்க மாட்டான். சத்தம் போடாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா. அவன் ஜன்னல் பக்கத்தில் படுத்திருப்பான். பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொள், அப்புறம் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா