அம்மாவுக்குத் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. தினமும் அம்மாவைக் கூப்பிட்டு "வெயில் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறாய். "எனக்கு ஒண்ணும் தெரியலப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். நீயும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுகிறாய்.

அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை, என் கவலையே அதுதான். வயது ஏற ஏறத் தாகம் மங்கிவிடுகிறது. உடம்பில் நீர் குறைந்த பிறகும் குடிக்கத் தோன்றாது. வியர்வையும் குறைகிறது. தோலுக்கு ரத்தத்தைக் கூடுதலாக அனுப்பி உள்சூட்டை வெளியேற்றும் வேலையும் மந்தமாகிறது. நீயும் நானும் புழுக்கம் தாங்காமல் எழுந்துபோகிற அறையில் அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

அதனால் கேள்வியை மாற்று. காலையிலிருந்து எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தார்? சிறுநீர் என்ன நிறத்தில் போனது? ராத்திரி தூக்கம் வந்ததா? எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா? சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொள். சில மாத்திரைகளும் நிறத்தை மாற்றும், அதையும் மனதில் வை. இன்னொன்று, பெரியவர்கள் பலர் வேண்டுமென்றேதான் தண்ணீரைக் குறைக்கிறார்கள். இருட்டில் கழிவறைக்குப் போகும்போது விழுந்துவிடுவோமோ என்ற பயம். நியாயமான பயம்தான், அதட்டாதே. காலையிலிருந்து மாலைவரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். கழிவறைக்குப் போகிற வழியில் ராத்திரி விளக்கு ஒன்று எரியட்டும்.

மாத்திரைகளைப் பற்றி அவருடைய டாக்டரிடம் நீயே பேச வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள் உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றும். மனநோய்க்கும், சிறுநீர் அடக்க முடியாத தொல்லைக்கும், அலர்ஜிக்கும் கொடுக்கும் மருந்துகளில் சில வியர்வையையே குறைத்துவிடும். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. வெயில் காலத்தில் அளவை மாற்ற வேண்டுமா என்று கேள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்குத் தண்ணீருக்கே அளவு வைத்திருப்பார்கள். "நிறையக் குடிங்க" என்று எல்லோருக்கும் சொல்கிற அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது.

அப்புறம் வீடு. சுவரில் ஒரு வெப்பமானி மாட்டிவிடு. பகலில் அறைக்குள் 32 டிகிரி செல்சியஸுக்குள்ளும் ராத்திரி 24 டிகிரிக்குள்ளும் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெளியே உள்ளேயைவிடச் சூடாக இருக்கும்வரை ஜன்னலை மூடி வை, குளிர்ந்த பிறகு திற. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் நிழல் கட்டினால் உள்ளே போடும் திரையைவிட அதிகம் உதவும். ஃபேனை மட்டும் நம்பிவிடாதே. 40 டிகிரியைத் தாண்டிய காற்றை அது நம் மேல் வீசினால் உடம்பு இன்னும் சூடாகும். அந்த மாதிரி நாட்களில் ஏசி உள்ள ஓர் இடத்தில் அவர் இரண்டு மூன்று மணி நேரமாவது இருந்துவிட்டு வந்தால் நல்லது. வழியில்லை என்றால் கை, கழுத்து, முகத்தை அடிக்கடி ஈரத்துணியால் துடைக்கட்டும். வெயில் காலத்தின் முதல் சில நாட்களில் கூடுதலாகக் கவனி, உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

2003 ஆகஸ்டில் பிரான்சில் அடித்த வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள், அதிலும் பலர் தனியாக இருந்தவர்கள். ராத்திரியிலும் சூடு தணியவில்லை, ஊரில் பலர் விடுமுறைக்குப் போயிருந்தார்கள். மருத்துவ வசதி நிறைந்த நாட்டிலேயே இப்படி. இதைப் படித்தபோதுதான் போன் மட்டும் போதாது என்று எனக்கு உறைத்தது. நாளுக்கு இரண்டு முறை யாராவது ஒருவர் நேரில் போய் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போகிறவருக்கு இதைச் சொல்லி வை. பேச்சு குழறினாலோ, குழப்பமாக இருந்தாலோ, நடை தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வியர்க்கிறதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா உட்காரவும் கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது.

சரி, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாயே, இன்றைக்கே அவர்களிடம் பேசு. டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா